முகத்துக்கு நேரே ஃப்ளாஷ்: ட்ரீக் கிளிஃப் குகையில் படமெடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் வார இறுதிப் படக்குழுவில் புதிதாகச் சேர்ந்த நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் டார்பிஷயரில் இருக்கும் காசில்டன் போயிருந்தேன். ட்ரீக் கிளிஃப் கேவர்ன் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். சாலையிலிருந்து வாசலுக்கு ஏறும் பாதை கொஞ்சம் செங்குத்து. அதற்குள் ஒரு தம்பி பையைத் திறந்து, செங்கல் அளவுக்கு ஒரு ஃப்ளாஷை எடுத்துக் கேமராவின் தலையில் சொருகினான். அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் நன்றாக அறிவேன். பல வருடங்களுக்கு முன்னால் அதே வாசலில், அதே மாதிரி ஒரு ஃப்ளாஷோடு, அதே முகத்தோடு நான் நின்றிருக்கிறேன்.

அன்று இரவே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், இப்போதுதான் நேரம் கிடைத்தது. பாறையைத் தொடாதீர்கள், வழுக்காத செருப்பு போடுங்கள், உள்ளே வருடம் முழுக்க 10 டிகிரிதான், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பெயரை நம்பி வண்டியைத் திருப்புவது

காசில்டன் சின்ன ஊர். ஆனால் அதைச் சுற்றி நான்கு காட்சிக் குகைகள் (மக்கள் பார்ப்பதற்காகத் திறந்து வைத்தவை) உண்டு: பீக், ஸ்பீட்வெல், ட்ரீக் கிளிஃப், புளூ ஜான். இவற்றில் கடைசி இரண்டிலும் புளூ ஜான் என்ற பட்டை பட்டையான வண்ணக் கல் உண்டு, இரண்டிலும் இன்றைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறார்கள். வரைபடத்தில் 'புளூ ஜான்' என்று தட்டினால் அது உங்களை மலையின் அந்தப் பக்கம் இருக்கிற குகைக்குக் கூட்டிப் போகும். இரண்டுக்கும் நடுவில் இருந்த பெரிய சாலை மாம் டோர் மலைச்சரிவில் உடைந்து உடைந்து, 1979-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. அதனால் தவறான பக்கம் போய்விட்டால் வண்டியில் சுற்றி வர வேண்டும், அல்லது உடைந்த தார்ச்சாலையில் நடக்க வேண்டும். நான் ஒருமுறை ஒன்பது பேரை நடக்க வைத்தேன். மழை வேறு. அவர்களில் இரண்டு பேர் அதற்கப்புறம் எங்கள் குழுவுக்கு வரவேயில்லை.

முதல் பாதியை வராந்தா என்று நினைப்பது

"அண்ணா, குகை எப்ப வரும்?"

ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். கேட்கும்போது அவர் நின்றுகொண்டிருக்கும் இடம் பாறையில் ஓடும் புளூ ஜான் நரம்புக்கு நேர் எதிரே இருக்கும்.

ட்ரீக் கிளிஃபில் நீங்கள் முதலில் நடப்பது சுரங்கம். புளூ ஜான் என்பது ஃப்ளோரைட் என்ற கனிமத்தில் ஒரு வகை. ஊதா, நீலம், மஞ்சள், வெள்ளை என்று பட்டை பட்டையாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் அதைக் கடைந்து ஜாடிகளும் கிண்ணங்களும் செய்தார்கள். பர்மிங்காமின் தொழிலதிபர் மாத்யூ போல்டன் அதற்குத் தங்கமுலாம் பூசிய பிடிகள் வைத்துப் பணக்காரர்களுக்கு விற்றார். முதல் உலகப்போர் சமயத்தில் இதே மலையில் சாதாரண ஃப்ளோரைட்டை, அதாவது ஃப்ளோர்ஸ்பாரை, எஃகு உலைகளுக்காக வெட்டினார்கள். உலையில் கசடு இளகி ஓட அது வேண்டும். போர் முடிந்த பிறகும் வேலை நடந்தது. 1926-இல் அப்படி வெட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் பாறைக்குப் பின்னால் இருந்த இயற்கைக் குகைக்குள் உடைத்துக்கொண்டு போனார்கள். விழுதுகள், திரைச்சீலைகள், உறைந்த அருவி மாதிரியான படிவுகள் எல்லாம் அந்தப் பின்பாதியில் இருக்கின்றன. 1935-இல் மக்களுக்குத் திறந்தார்கள்.

ஆக, பின்பாதி அழகு. ஆனால் அந்த மாதிரி அழகு உலகத்தில் நூறு குகைகளில் கிடைக்கும். முன்பாதியில் இருக்கிற கல் இந்த ஊரை விட்டால் வேறெங்கே கிடைக்கும்? புதியவர்கள் அங்கே பேட்டரியை மிச்சம் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பார்கள். சுவரில் உளி இறங்கிய கோடுகளையும் வெடிமருந்து வைக்கத் துளைத்த ஓட்டைகளையும் பார்க்காமலே போவார்கள். ஒன்று கவனியுங்கள்: உலைக்குப் போகிற ஃப்ளோர்ஸ்பார் உடைந்தால் நஷ்டமில்லை, அதை வெடி வைத்து எடுக்கலாம். புளூ ஜானுக்கு வெடி வைத்தால் கல் தூளாகிவிடும். அதை வெடியில்லாமல் பார்த்துப் பார்த்துத்தான் பெயர்க்க வேண்டும். சுவரைப் பார்த்தே இங்கே என்ன எடுத்தார்கள் என்று ஊகிக்க முடியும். டார்பிஷயர் ஈயச் சுரங்கக்காரர்கள் தங்களுக்கு முன்னால் வெட்டியவர்களையும், அவர்கள் விட்டுப்போன பொந்துகளையும் சேர்த்து 'கிழவன்' என்றே சொல்வார்கள். அந்தக் கிழவனைப் படமெடுக்காமல் வராதீர்கள்.

கேமராத் தலையில் ஃப்ளாஷ்

இப்போது அந்தத் தம்பிக்கு வருகிறேன். இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. அவன் மேல் இல்லை, என் மேல்தான்.

நான் முதல்முறை போனபோது ஃபோனில் எடுத்த படங்கள் இருட்டாக வந்தன. சரி, வெளிச்சம் போதவில்லை என்று முடிவு கட்டினேன். ஒரு ஃப்ளாஷ் வாங்கினேன். இரண்டாம் முறை படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஃப்ளாஷ் சின்னது, அதுதான் காரணம் என்று மறுபடியும் ஒரு முடிவு. அதை விற்றுவிட்டு, ஒரு மாத வாடகைக்குக் கொஞ்சம் குறைவான விலையில் பெரியதாக ஒன்று வாங்கினேன். மூன்றாம் முறை புள்ளிகள் பெரிதாயின. வீட்டில் படங்களை ஓட்டிக் காட்டியபோது மனைவி கேட்டாள்: "என்னங்க, குகைக்குள்ள பனி பெய்யுதா?"

பெய்யவில்லை. அது என் மூச்சு. குகைக் காற்று ஈரத்தால் நிரம்பியிருக்கும். பத்துப் பேர் நின்று மூச்சு விட்டால் நுண்ணிய நீர்த்துளிகள் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும். ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால், தொலைவில் இருக்கிற சுவரை எட்டுவதற்கு முன்னால் மூக்குக்கு முன்னால் இருக்கிற துளிகளில் அந்த வெளிச்சம் பட்டு நேரே லென்ஸுக்குள் திரும்பி வரும். பக்கத்தில் இருக்கிற துளிக்குப் பல மடங்கு அதிக வெளிச்சம், தூரத்துச் சுவருக்கு மிச்சம் மீதி. பெரிய ஃப்ளாஷ் வாங்கினால் துளிகளும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். எனக்கு இது புரிய ஒரு பனிக்காலமும், மேலே சொன்ன வாடகையும் ஆயின.

அது முதல் காரணம்தான். இன்னும் இருக்கிறது. விழுதுகளும் திரைச்சீலைகளும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனவை. அந்தப் படிவுகள் எப்போதும் நனைந்திருக்கும். நேராக அடிக்கிற வெளிச்சத்துக்கு அவை கண்ணாடி மாதிரி. நடுவில் ஒரு வெள்ளைச் சுட்ட இடம், சுற்றிலும் சாம்பல். நிழலே விழாததால் மேடும் பள்ளமும் தெரியாது. ஒற்றைக்காலில் நிற்கும் நாரை என்று ட்ரீக் கிளிஃபில் எல்லோரும் தேடிப் பார்க்கிற படிவு ஒன்று உண்டு. என் படத்தில் அது யாரோ சுவரில் அப்பிய சுண்ணாம்பு மாதிரி இருந்தது. மெல்லிய திரைச்சீலைப் படிவுகளின் சிறப்பே ஒளி அவற்றுக்குள் புகுந்து வருவதுதான். முன்னாலிருந்து அடித்தால் அது எப்படித் தெரியும்?

புளூ ஜானுக்கு இது இன்னும் மோசம். சுவரில் இருக்கிற கல்லில் நேராக ஃப்ளாஷ் அடித்தால் பழைய வெல்லக்கட்டி மாதிரி ஒரு கருப்புத்தான் வரும். அதன் நிறம் மேற்பரப்பில் இல்லை. ஒளி கல்லுக்குள் போய் வெளியே வரும்போதுதான் ஊதா தெரியும். கடைசல்காரர்கள் கிண்ணத்தை அவ்வளவு மெல்லியதாகக் கடைவது இதற்காகத்தான். கல் நொறுங்கும் தன்மையுள்ளது என்பதால் அந்தக் காலத்தில் பைன் மரப் பிசினை ஏற்றினார்கள், இப்போது எபாக்ஸி என்ற செயற்கைப் பிசினை ஏற்றுகிறார்கள், அப்புறம்தான் கடைகிறார்கள். இவ்வளவு பாடும் ஒளி உள்ளே போய் வருவதற்காக. நான் என்னடாவென்றால் முகத்துக்கு நேரே அடித்துவிட்டு, "கல்லில் கலரே இல்லையே" என்று வீட்டுக்கு வந்து நிறத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அப்படி நிறம் கூட்டிய ஒரு படத்தை ஃப்ரேம் போட்டு ஒரு நண்பருக்குப் பரிசாகவும் கொடுத்தேன். அது இன்னும் அவர் வீட்டு ஹாலில் தொங்குகிறது. அங்கே போனால் நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

என்னைத் திருத்தியவர் ஷெஃபீல்டில் பழகிய ஒரு வயதான குகைக்காரர். எதையும் விளக்கவில்லை. என் ஃப்ளாஷை அணைக்கச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்து, சுவரை ஒட்டினாற்போல், ஆனால் படாமல், பக்கவாட்டில் பிடித்தார். நரம்பின் ஓரம் உள்ளிருந்து விளக்கேற்றியது போல ஊதாவாக எரிந்தது. அந்த டார்ச்சின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு இருக்கும்.

எனவே செய்ய வேண்டியது இது. காட்சிக் குகையில் விளக்குகளை யாரோ யோசித்துத்தான் வைத்திருப்பார்கள், பாதி விளக்குகள் படிவுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். உங்கள் ஃப்ளாஷ் அந்த வேலையை அழித்துவிடும். அதை அணைத்துவிட்டு உங்கள் காலை நகர்த்துங்கள். விளக்கு படிவுக்குப் பின்னாலோ பக்கத்திலோ வருகிற இடம் கிடைக்கும்வரை இரண்டடி இப்படி, இரண்டடி அப்படி. ஐஎஸ்ஓ 1600, அரை நொடி, மூச்சை லென்ஸுக்குக் கீழே விட்டுவிட்டு அப்புறம் அழுத்துங்கள். ஃபோன் என்றால் இரவு மோடு போதும், கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். கம்பி நனைந்திருக்கும், பரவாயில்லை. சுரங்கப் பாதியில் மட்டும் டார்ச் வேண்டும், அதை நண்பர் கையில் கொடுத்துப் பக்கவாட்டில் நிற்க வையுங்கள்.

இதையெல்லாம் வாசலிலேயே அந்தத் தம்பிக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "இது பவர் ஜாஸ்திண்ணா, பாத்துக்கலாம்" என்றான்.

ட்ரைபாட்

உள்ளே போகுமுன் கவுண்டரில் கேளுங்கள். கேட்காமல் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

கேமராவைப் பையிலிருந்து உடனே எடுப்பது

குளிர்காலத்தில் வெளியே உறைபனி, உள்ளே பத்து டிகிரி, நிறைய ஈரம். சில்லென்றிருக்கிற லென்ஸ் உடனே வேர்த்துவிடும். துடைத்தால் மறுபடி வேர்க்கும். கால் மணி நேரம் பையிலேயே இருக்கட்டும், அதுவரை கண்ணால் பாருங்கள். கோடையில் இது தலைகீழ், வெளியே வரும்போது வேர்க்கும்.

பச்சையைக் கனிமம் என்று எழுதுவது

விளக்குக்குப் பக்கத்துப் பாறையில் தெரிகிற பச்சை, பாசி. விளக்கு வெளிச்சத்தில் வளர்கிறது. செம்பும் இல்லை, மரகதமும் இல்லை.

படத்துக்குக் கீழே கதை விடுவது

புளூ ஜான் என்ற பெயர் பிரெஞ்சில் 'நீலம்-மஞ்சள்' என்று பொருள்படும் 'ப்ளூ ஜோன்' என்பதிலிருந்து வந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் இதே பகுதிச் சுரங்கக்காரர்கள் துத்தநாகத் தாதுவைக் 'கறுப்பு ஜாக்' என்றுதான் கூப்பிட்டார்கள். கறுப்பு ஜாக்குக்குத் தம்பியாக ஒரு நீல ஜான் என்பது எனக்கு இன்னும் இயல்பாகப் படுகிறது. ரோமானியர்கள் காலத்திலேயே வெட்டினார்கள் என்ற கதையும் அப்படித்தான், சொல்லச் சொல்ல இனிக்கும், ஆதாரம் கேட்டால் கையை விரிக்க வேண்டும். டார்பிஷயரின் கெடில்ஸ்டன் மாளிகையில் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் கணப்படுப்புகளில் இந்தக் கல்லைப் பதித்தார் என்று எழுதுங்கள். போய்ப் பார்க்கவும் முடியும்.

அந்த ஃப்ளாஷை வைத்துக்கொண்டு என்ன செய்வது

என்னுடையதை நான் விற்கவில்லை. அதற்கு ஒரே ஒரு வேலை இருக்கிறது. போன மாதம் கடைசி அறையில், தம்பி தன் படங்களை ஓட்டிப் பார்த்துவிட்டு முகம் தொங்கி நின்றபோது, அவனிடம் ஃப்ளாஷைக் கழற்றித் தரச் சொன்னேன். அந்த அறையில் அப்போது நாங்கள் மட்டும்தான் இருந்தோம். எல்லோரையும் கண்ணை இறுக மூடச் சொல்லி, விளக்கு எட்டாத ஒரு மூலையில் வெள்ளைக் கால்சைட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து ஒருமுறை அடித்தேன். "இப்ப தொறங்க" என்றேன். ஃப்ளாஷ் அணைந்த பிறகும் அந்தப் படிவு தானாக, வெளிறிய பச்சையாக, ஓரிரு நொடி ஒளிர்ந்து அடங்கியது. கால்சைட் வாங்கிய ஒளியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து மெதுவாக விடும்.

"இன்னொரு தடவண்ணா" என்றான் தம்பி. அதை யாரும் படமெடுக்கவில்லை.