ஆய்வுக்கு அதிகாரி வருவதற்கு முன், நாமே ஆய்வு செய்வது எப்படி?

பாளையங்கோட்டைப் பக்கம் கல்லூரிகளில் என்சிசி (தேசிய மாணவர் படை) பொறுப்பில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இது. வருடாந்திர ஆய்வுக்கு கர்னல் வருகிறார் என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவது சுய ஆய்வு ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாமே பார்க்க வேண்டும்.

போன ஆய்வில் சொன்ன குறைகளை முதலில் எடுங்கள், பட்டியல் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அப்புறம் சீருடை, பெல்ட் மாதிரி பொருள்களை வைத்திருக்கும் ஸ்டோர், அதிக நேரம் இதற்குத்தான். லெட்ஜரை, அதாவது ஸ்டோரின் கணக்கு ஏட்டை, பார்த்துக்கொண்டே எண்ணினால் அதில் இருக்கிற எண்தான் வாயில் வரும், அதனால் பொருளை எண்ணித் தனித்தாளில் எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். நான் கேடட்டாக இருந்தபோது ஏட்டைப் பார்த்தே 20 பெல்ட்டுக்கும் டிக் போட்டோம். நான்கில் பக்கிள் உடைந்திருந்தது ஆய்வு நாளில்தான் தெரிந்தது, இன்னும் மனசு உறுத்துகிறது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவரே சோதிக்கவும் கூடாது, வேறு பிளட்டூன்காரரை (வேறு அணிக்காரரை) பார்க்கச் சொல்லுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை கட்டாயம். அதுவரை காய்ந்து கிடக்கும் நம்ம ஊரில் திடீரென்று ஈரம் ஏறினால் இரும்பில் துருவும் தோலில் பூஞ்சையும் வந்துவிடும். ரைபிளை மட்டும் ராணுவப் பயிற்றுநர் இல்லாமல் தொடாதீர்கள். குண்டு இல்லை என்று உறுதிசெய்த பிறகே மற்றது.

வருகைப் பதிவேடு சுலபம்: என்சிசியின் பி, சி சான்றிதழ்த் தேர்வுக்கு 75 சதவீத வருகை வேண்டும், குறைகிறவரிடம் இப்போதே சொல்லுங்கள்.

ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். சரிசெய்ததைக் கண்ணால் பார்க்காமல் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். குறையைச் சொன்ன ஜூனியரைத் திட்டவே வேண்டாம், அடுத்த தடவை மறைத்துவிடுவான்.