பழைய அலுமினியப் படகின் கசிவை நிறுத்திய கதை

டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் மீன் பிடிப்பதற்காக, 14 அடி நீளமுள்ள பழைய அலுமினியப் படகொன்றை டிரெய்லரோடு வாங்கினேன். ஏரியில் இறக்கிய ஒரு மணி நேரத்தில் கணுக்கால் வரை தண்ணீர்.

வடிகால் அடைப்பானை மாற்றினேன். பயனில்லை. மோட்டார் பூட்டும் துளைகளைச் சுற்றிச் சிலிகான் பூசினேன். அதுவும் வீண்.

பிறகு டிரெய்லரில் வைத்தபடியே படகுக்குள் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். (அதற்கு மேல் வேண்டாம்; எடையில் அடித்தகடு வளையக்கூடும்.) கீழே ஒரு சொட்டும் விழவில்லை! அரை நாள் குழம்பிய பிறகுதான் கண்ணில் பட்டது: படகைத் தாங்கும் மரச்சட்டத்தின் மேல் ஒட்டியிருந்த கம்பளம் ஓரிடத்தில் மட்டும் ஊறியிருந்தது. கசிந்த நீரை அதுவே உறிஞ்சியிருக்கிறது.

படகை ஓரடி பின்னுக்கு இழுத்ததும் இரண்டு ரிவெட்டுகள் (தகடுகளைப் பிணைக்கும் உலோக ஆணிகள்) சொட்டத் தொடங்கின. இரண்டையும் சுற்றி மை தீட்டியதுபோல் கரிய வளையம். தளர்ந்த ரிவெட் அசைந்து அசைந்து தேய்த்த அலுமினியத் தூள் அது. வாங்கும் அன்றே இதைத் தேடியிருக்க வேண்டும்.

தண்ணீரை வடித்தோம். மகன் வெளியிலிருந்து ரிவெட்டின் தலையில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, நான் உள்ளிருந்து வால் முனையைச் சுத்தியலால் தட்டி இறுக்கினேன். போன ஞாயிறு நான்கு மணி நேரம் ஏரியில் இருந்தோம். படகின் அடி காய்ந்தே கிடந்தது. அப்பாடா!