பிள்ளைங்களுக்கு நம்பர்னா என்னன்னு சொல்லிக் குடுக்க ஒரு சின்ன டிப்ஸ்

5 எழுதிக் காட்டி "இதான் அஞ்சு"ன்னு சொல்லிடாதீங்க, அது அஞ்சோட அடையாளம் மட்டும்தான். நம்ம பழைய தமிழ் எழுத்துல அதே அஞ்சு ௫, ரோமன்ல V, எழுத்து மாறினாலும் அஞ்சு மாறல பாருங்க. அப்ப அஞ்சுன்னா என்ன? ஒரு கை விரலையும் அஞ்சு புளியங்கொட்டையையும் வச்சு, விரலுக்கு ஒரு கொட்டைன்னு ஜோடி போடச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் மிச்சமே இல்லாம சரியா வருதுல்ல, அந்த ரெண்டுக்கும் பொதுவா இருக்குற அளவுதான் அஞ்சு. இது புரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஆனா "எண்ணுறதுக்குத்தான் நம்பர்"னு மட்டும் சொல்லி வைக்காதீங்க ப்ளீஸ், அப்புறம் அரை, கால், மைனஸ் எல்லாம் வரும்போது குழந்தை குழம்பிடும். அதுக்கு தரையில சாக்பீஸால ஒரு நீளக் கோடு போட்டு நடுவுல 0, வலப்பக்கம் சம தூரத்துல 1, 2, 3, இடப்பக்கம் -1, -2ன்னு குறிங்க. அரை எங்கன்னு கேட்டா 0க்கும் 1க்கும் சரியா நடுவுல போய் நிக்கணும், கால் அதுலயும் பாதி தூரம். கையில 3 ரூபா இருக்கு, கடைக்கார அண்ணாச்சிக்கு 5 ரூபா பாக்கின்னா எங்க நிப்பேன்னு கேளுங்க, -2க்கு தானா நடந்து போவாங்க. 0ன்னா "ஒண்ணுமே இல்ல, நம்பரே இல்ல"ன்னு சொல்றதும் தப்பு, கோட்டுல அதுக்கும் ஒரு இடம் இருக்கு, அதுவும் நம்பர்தான். கி.பி. 628லயே பிரம்மகுப்தர்ங்கிற நம்ம இந்தியக் கணித அறிஞர் 0 வச்சு கூட்டல் கழித்தலுக்கு விதி எழுதிட்டாரு. கோடு கொஞ்சம் பெருசா போடுங்க, குழந்தை ஏறி நடக்கணும்.