டைன் கரையில் குதிரை நிலக்கரி வண்டிக்கு மரத் தண்டவாளம் போடும் முறை

18ஆம் நூற்றாண்டில் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் போட்டபடியே சொல்கிறோம். முதலில் சரிவு. சுரங்கத்திலிருந்து ஆற்றுத்துறை வரை பாதை சீராக இறங்க வேண்டும். மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்புங்கள். ஓடையைத் தாண்டத்தான் டான்ஃபீல்டு என்ற நிலக்கரி வண்டிப் பாதையில் 1725-26இல் காஸி வளைவுப் பாலம் எழுந்தது. ரால்ஃப் வுட் என்ற கொத்தனாரின் அருமையான வேலை அது, இன்றும் நிற்கிறது.

ஏறத்தாழ இரண்டு அடிக்கு ஒரு குறுக்குக்கட்டை வையுங்கள். அதன்மேல் நான்கு அடி இடைவெளியில் இரு வரிசைத் தண்டவாளம். ஆணி வேண்டாம், மர முளையே போதும்.

தவறு நடப்பது இங்கேதான். தேய்ந்த தண்டவாளத்தை மாற்றும்போதெல்லாம் புதுத் துளை போட்டால் குறுக்குக்கட்டை சல்லடையாகிவிடும். அதனால் தண்டவாளத்தை இரண்டடுக்காகப் போடுங்கள்: கீழ்க்கட்டை நிலையாக இருக்கட்டும், மேல்கட்டையை மட்டும் மாற்றலாம். உயரம் கூடுவதால் குறுக்குக்கட்டைகளை மண்ணால் மூடிவிடலாம். குளம்பும் அவற்றைத் தேய்க்காது.

ஒரு வண்டிக்கு ஒரு குதிரை, சுமை சுமார் 2.7 டன். இறக்கத்தில் குதிரையை அவிழ்த்துப் பின்னால் கட்டி, சக்கரத்தை அழுத்தும் நெம்புகோல் தடையின் மேல் ஆள் உட்கார வேண்டும். மழையில் மரம் வழுக்கும். தண்டவாளத்தில் சாம்பல் தூவாமல் வண்டியை விடாதீர்கள்.