லோகோ இல்லாமல் எடுப்பாக உடுத்துவது எப்படி (நம்ம ஊர்ப் புழுக்கத்தில்)

நெஞ்சில் பெரிய எழுத்தில் பிராண்டு பெயர் போட்ட டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போனால், அதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதுதான் எதிரில் இருப்பவருக்குத் தெரியும். ஆனால் "ஆள் நல்ல வசதி போல" என்று ஒருவரைப் பார்த்ததும் தோன்றுவது பெரும்பாலும் உடையின் அளவாலும் பராமரிப்பாலும்தான். அதுவும் பகலில் 31, 32 டிகிரி, எம்ஆர்டி ரயிலில் நெரிசல், அப்புறம் அலுவலகத்தில் நடுங்கவைக்கும் ஏர்கான் என்று வாழ்கிற நம்ம சிங்கப்பூரில், வீட்டுக் கண்ணாடி முன்னால் எப்படி இருந்தீர்கள் என்பதைவிட, மதியம் உணவங்காடியில் வரிசையில் நிற்கும்போது எப்படி இருப்பீர்கள் என்று யோசித்து உடை வாங்க வேண்டும்.

பணத்தை முதலில் தையற்காரரிடம் கொடுங்கள். சட்டை வாங்கும்போது தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே நிற்காவிட்டால் எவ்வளவு தள்ளுபடி இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், ஏனென்றால் தோளைத் திருத்துவது பெரிய வேலை, செலவும் சட்டை விலைக்கே வந்துவிடும். தோள் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சுலபம். பக்கவாட்டில் பிடிக்கலாம், கையைச் சுருக்கலாம், பேண்ட் நீளத்தைக் குறைக்கலாம். லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்தின் மாடியில் வரிசையாகத் தையற்கடைகள் இருக்கின்றன, ஆர்ச்சர்ட் பக்கம் ஃபார் ஈஸ்ட் பிளாசாவிலும் இருக்கின்றன. பேண்ட் காலைக் குறைக்க பெரும்பாலும் 20 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடிந்துவிடும். பேண்ட் ஷூவின் மேல் இலேசாகத் தொட்டு நின்றால் போதும், கணுக்காலில் மடிப்பு மடிப்பாகக் குவிந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பேண்டும் இரவல் வாங்கியதுபோலத் தெரியும். கடைக்குப் போகும்போது எந்த ஷூவோடு போடப்போகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு போய் அளவு கொடுங்கள்.

தையற்கடைக்குப் போனது போனீர்கள், இன்னொன்றும் செய்யச் சொல்லுங்கள்: மலிவான சட்டையில் பளபளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டன்களைப் பிடுங்கிவிட்டு, கொஞ்சம் தடிமனான மங்கிய பட்டன்களோ சிப்பிப் பட்டன்களோ தைக்கச் சொல்லுங்கள். சின்ன வேலைதான், சட்டையின் முகமே மாறிவிடும். புதிய பிளேசர் என்றால் கைப்பகுதியின் வெளியே தைத்திருக்கும் பிராண்டுத் துண்டையும், பின்பக்கப் பிளவை மூடிப் பெருக்கல் குறி போலப் போட்டிருக்கும் நூலையும் வெட்டி எடுத்துவிடுங்கள். அவை கடையில் இருக்கும்வரைக்கும்தான். அப்படியே கல்யாணத்துக்கு வருகிறவர்களை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

துணியைப் பொறுத்தவரை பாலியஸ்டரைத் தூர வையுங்கள். வியர்வை நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெயிலில் மினுங்கும். பருத்தி, லினன், இரண்டும் கலந்த துணி, இவை போதும். லினன் கசங்குமே என்பார்கள். கசங்கட்டும், அதன் அழகே அதுதான், மூட்டையில் கட்டி எடுத்ததுபோல இல்லாமல் காலையில் ஒருமுறை ஒழுங்காகத் தேய்த்திருந்தால் சரி. மெல்லிய கம்பளித் துணியில் தைத்த பேண்ட் கிடைத்தால் பயப்படாமல் வாங்குங்கள். காற்று போகும், மாட்டி வைத்தால் சுருக்கம் தானாகவே பெரும்பாலும் நீங்கிவிடும், ஏர்கான் குளிருக்கும் தாங்கும். வாங்குமுன் எந்தத் துணியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். விரல் நிழல் தெளிவாகத் தெரிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் என்று அர்த்தம். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் போட்டால் அதன் விளிம்பு எடுத்துக்காட்டும், உங்கள் தோல் நிறத்துக்கு நெருக்கமான பனியனைப் போடுங்கள்.

நிறம் என்றால் நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் கிரீம், கருநீலம், ஆலிவ் பச்சை, அரக்கு, அடர் பழுப்பு எல்லாம் பிரமாதமாக எடுக்கும். வெளிர் சாம்பல் மட்டும் வேண்டாம், முதல் வியர்வைத் துளியே வரைபடம் போட்டுவிடும்.

பெண்களுக்கும் இதே கணக்குதான். ரெடிமேட் குர்த்தியில் பெரும்பாலும் தோள் தொங்கும், கைக்குழி பெரிதாக இருக்கும், அதைப் பிடித்துத் தைத்தாலே பாதி வேலை முடிந்தது. புடவையில் ரவிக்கைதான் எல்லாம். கைத்தறிப் பருத்திப் புடவைக்கு அளவாகத் தைத்த ஒற்றை நிற ரவிக்கை போட்டால், தீபாவளிக் கூட்டத்தில் கல் வைத்த ஜார்ஜெட்டுகளுக்கு நடுவே அதுதான் தனியாகத் தெரியும். நகையில் ஒன்றை மட்டும் பேச விடுங்கள். 916 தங்கத்தில் மெல்லிய சங்கிலியோ நல்ல தோடோ, இரண்டில் ஒன்று. ஆண்களே, உங்களுக்கும்தான், தடித்த கைச்சங்கிலியும் கல் மோதிரமும் பெரிய கடிகாரமும் ஒரே கையில் வேண்டாம். திருநீறு, பொட்டு, கையில் கட்டிய கயிறு இதையெல்லாம் மறைக்கச் சொல்பவன் நான் இல்லை, ஆனால் கயிறு சாயம் போய் நைந்துவிட்டால் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

துவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கம்பத்தில் நல்ல வெயிலில் கறுப்புச் சட்டையைக் காயப்போட்டால் சீக்கிரமே வெளுத்துவிடும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, முடிந்தால் நிழலில் காயவையுங்கள். காலரில் எண்ணெய்க் கறை இருந்தால் துவைக்குமுன் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தேய்த்து ஊறவிடுங்கள். தேய்ப்பது துணி இலேசாக ஈரமாக இருக்கும்போதே. அலமாரியில் ஈரத்தை உறிஞ்சும் டப்பா ஒன்று வையுங்கள், இல்லையென்றால் தோல் பெல்ட்டிலும் பையிலும் பூஞ்சை பூத்துவிடும்.

ஷூவுக்கும் ஈரம்தான் எதிரி. பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ள ஷூவைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தாலும், சில வருடத்தில் காற்றிலுள்ள ஈரம் பட்டுப் பட்டு உதிர்ந்துவிடும். நேர்முகத் தேர்வுக்குப் போகும் வழியில் ஷூ வாய் பிளந்த கதை இங்கே நிறையப் பேரிடம் இருக்கும். அதனால் அடிப்பாகம் தைத்த தோல் ஷூ ஒன்று வாங்கி, தேய்ந்தால் செருப்புத் தைப்பவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஜோடியைத் தினமும் போடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உள்ளே காயும், ஆயுளும் கூடும்.

அப்புறம் ஆள். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்டுங்கள், சிராங்கூன் ரோடு பக்கத்து நம்மவர் முடிதிருத்தகமே போதும், பின்கழுத்து முடியையும் காது முடியையும் எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள். தேங்காயெண்ணெயை இரவில் தேய்த்துக் காலையில் அலசிவிடுங்கள், நெற்றியில் வழிந்தபடி கிளம்ப வேண்டாம். ஏர்கானில் முழங்கையும் கணுக்காலும் வெளிறிப்போகும், குளித்த ஈரம் காயுமுன் லோஷன் போடுங்கள். நகம் சுத்தமாக இருக்கட்டும். வாசனைத் திரவியம் இரண்டு பீச்சு போதும், இந்தப் புழுக்கத்தில் அது தானே பரவும், மாலை நேர ரயிலில் உங்கள் கக்கத்துக்குப் பக்கத்தில் நிற்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அலுவலகத்தை விட்டு இறங்கும்போது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை லேன்யார்டைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். ஏதோ கருத்தரங்கில் இலவசமாகக் கொடுத்த, நிறுவனப் பெயர் அச்சடித்த துணிப்பை இருக்கிறதே, அதை மீன், காய்கறி வாங்க ஈரச்சந்தைக்குப் போக வைத்துக்கொள்ளுங்கள்.