பின்னால் வருகிறவருக்கு உங்கள் மனசு தெரியாது: சாலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும், தான் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறேன், மற்றவர்களுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்பார்கள். எல்லோரும் அப்படியே சொன்னால் அந்த மற்றவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரியவில்லை. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் நாடு முழுக்கப் பதிவான சாலை விபத்துகள் 4,61,312. அவற்றில் 64,105 தமிழ்நாட்டில் நடந்தவை, அதாவது எண்ணிக்கையில் நமக்குத்தான் முதலிடம். உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884 பேர்.

வேகம், குடி, ஹெல்மெட் போடாமை பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சரி, அவற்றை விட்டுவிடுவோம். தினமும் நம்மைக் கடுப்பேற்றுகிற, பல நேரம் இடிக்கவும் வைக்கிற வேறு ஒரு வகைத் தவறு இருக்கிறது. நாம் அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சுற்றியிருப்பவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது, அல்லது தப்பாகச் சொல்வது.

நேராகப் போக நாலு இண்டிகேட்டர் எதற்கு?

நாற்சந்தியில் நேராகப் போகிறவர்கள் நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போவது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம். ஓட்டக் கற்றபோதே யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். போடுகிறவர் அதை ஒரு மரியாதையாகவே நினைக்கிறார். ஆனால் இடது பக்கத் தெருவிலிருந்து வருகிறவருக்கு உங்கள் வண்டியின் இடது பக்கம் மட்டும்தான் தெரியும். அங்கே ஒரு விளக்கு மினுக்குகிறது. இவர் நம்ம தெருவுக்குள்தான் திரும்புகிறார் என்று நினைத்து அவர் வண்டியை முன்னே எடுக்கிறார், நீங்கள் நேராக வருகிறீர்கள். இடித்த பிறகு இரண்டு பேருமே "நான் சரியாத்தானே வந்தேன்" என்பார்கள். வலது பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கும் இதே குழப்பம்தான்.

நேராகப் போவதற்கு என்று தனி சிக்னல் எதுவும் கிடையாது. எந்த இண்டிகேட்டரும் போடாமல் இருப்பதே அதற்கான சிக்னல். நாலு விளக்கும் சேர்ந்து மினுக்க வேண்டியது வண்டி பழுதாகி நடுவழியில் நின்றால், அல்லது வேறு வண்டி இழுத்துக்கொண்டு போனால். மழையில் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதும் உதவாது. பெரும்பாலான கார்களில் அது எரியும்போது இடது, வலது இண்டிகேட்டர் வேலை செய்யாது. நீங்கள் லேன் மாறுவதைச் சொல்ல வழியில்லாமல் போகும். மழைக்கு ஹெட்லைட்டைக் குறைத்துப் போட்டாலே போதும், பின்பக்கச் சிவப்பு விளக்கும் சேர்ந்து எரியும்.

இண்டிகேட்டரைத் திரும்பிக்கொண்டே போடுகிறவர்கள் இன்னொரு ரகம். ஸ்டியரிங்கை வளைத்த பிறகு எரிகிற விளக்கு யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. முதலில் கண்ணாடி, அப்புறம் இண்டிகேட்டர், மூன்று நாலு விநாடி கழித்து மறுபடி கண்ணாடி, அதற்கப்புறம்தான் வண்டி திரும்ப வேண்டும். திரும்பி முடித்ததும் பைக்கில் அதை அணைக்கவும் வேண்டும். அணைக்காமல் போகிறவரைத் துரத்திக்கொண்டு வந்து "இண்டிகேட்டர் எரியுது", "சைடு ஸ்டாண்டு எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகும் முகம் தெரியாத மனிதர்கள் நம் சாலைகளில் இன்னும் இருக்கிறார்கள், அது ஒரு ஆறுதல். பகலில் ஹெட்லைட் எரிகிறது என்று கையை விரித்து மூடிக் காட்டும் பெரியவர்களும் இருக்கிறார்கள். 2017 ஏப்ரலிலிருந்து வந்த பைக்குகளில் அது தானாக எரியும், அணைக்க சுவிட்ச் கிடையாது. அவர்களிடம் இதை நின்று விளக்க முடியாது, தலையாட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

லைட் அடிப்பது, ஹாரன் அடிப்பது, கை காட்டுவது

எதிரே வரும் கார் ஹெட்லைட்டை இரண்டு முறை மினுக்கினால் என்ன அர்த்தம்? இங்கிலாந்தில் ஓட்டிப் பழகியவர் "நீங்கள் போங்கள்" என்று எடுத்துக்கொள்வார். நம் ஊரில் அதற்கு நேர் எதிரான பொருள், "நான் நிற்கப் போவதில்லை, நீ அங்கேயே நில்." சில நேரம் "முன்னால் போலீஸ் நிற்கிறது" என்றும் இருக்கலாம். நெடுஞ்சாலையில் லாரிகள் போடும் வலது இண்டிகேட்டரும் அப்படித்தான். ஒருவர் பின்னால் வருகிறவருக்கு "முந்திக்கொண்டு போ" என்று சொல்லப் போடுவார். இன்னொருவர் உண்மையாகவே வலது பக்கம் திரும்பப் போடுவார். அதை நம்பி முந்தினால் லாரியின் பக்கவாட்டில் போய்ச் சொருகிக்கொள்ள வேண்டியதுதான். முன்னால் சாலை காலியாக இருப்பது உங்கள் கண்ணுக்கே தெரியும் வரை, எந்த விளக்கையும் அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஹாரன் பற்றி நிறையப் பேசலாம், பேசிப் பயனில்லை. சிக்னலில் சிவப்பு எண் 5 என்று காட்டும்போதே பின்னாலிருந்து ஆரம்பித்துவிடுகிறார்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் பக்கம் நூறு மீட்டருக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை அவசரத்துக்குத் தவிர அடிக்கக் கூடாது என்றெல்லாம் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

"கேப் விட்டா இன்னொருத்தன் புகுந்துடுவான்"

முன்னால் போகிற வண்டியை ஒட்டிக்கொண்டே ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் இது. உண்மைதான், புகுந்துவிடுவான். அதனால் நமக்கு என்ன நஷ்டம்? ஒருவர் உள்ளே புகுந்தால் மறுபடி இடைவெளி விட நாம் இரண்டு விநாடி பின்தங்குகிறோம். பத்துப் பேர் புகுந்தால் இருபது விநாடி. சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு சிக்னலில் நிற்கும் நேரத்தில் பாதி கூட இல்லை.

எதிர்ப்பக்கக் கணக்கையும் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. முன்னால் பிரேக் லைட் எரிவதைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும். அதற்குப் பிறகு நல்ல ரோட்டில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 40 மீட்டர் பக்கம். மழையில் இன்னும் அதிகம். நாம் விடுவதோ ஐந்தாறு மீட்டர்.

ஒட்டி ஓட்டுவதால் நெரிசலும் கூடுகிறது. ஜப்பானில் நாகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் சீராகப் போக வேண்டும், அவ்வளவுதான். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, மாடு இல்லை. கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, கடைசியில் சில கார்கள் நின்றேவிட்டன. அந்த நிற்றல் ஓர் அலை போலப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. 2008-ல் வெளியான ஆய்வு இது. பெருங்களத்தூரில் காரணமே தெரியாமல் நின்று, காரணமே தெரியாமல் நகர்கிறோமே, அதில் ஒரு பங்கு இப்படிப் பிறந்ததாக இருக்கலாம்.

ரயில்வே கேட், யு டர்ன், ஃப்ரீ லெஃப்ட்

நம் ஊர்ப் பழக்கத்தின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது போய் நிற்க வேண்டும். முதலில் வந்த வண்டிகள் இடது பக்கம் ஒழுங்காக நிற்கும். பிறகு ஒரு பைக் வலது பக்கம் வழியாக முன்னே போகும். அதன் பின்னாலேயே ஓர் ஆட்டோ, அப்புறம் ஒரு கார். கேட்டுக்கு அந்தப் பக்கத்திலும் இதே கதை. ரயில் போய்விடும், கேட் திறக்கும். இரண்டு பக்கமும் சாலை முழுக்க அடைத்துக்கொண்டு இரண்டு படைகள் எதிரெதிரே நிற்கும். ரயில் போனது அரை நிமிடத்தில், தண்டவாளத்தைத் தாண்ட கால் மணி நேரம். இதில் வலது பக்கம் போய் நின்றவர் முதலில் கடந்துவிடுவதும் இல்லை, எதிரே இருப்பவர் வழிவிடாமல் அவர் அசையவே முடியாது. ஆனாலும் நாளைக்கும் அங்கேதான் போய் நிற்பார்.

சென்னை ஓ.எம்.ஆர். மாதிரிச் சாலைகளில் யு டர்ன் வெட்டிலும் இதையே பார்க்கலாம். வலது ஓரத்தில் ஒரு கார் திரும்பக் காத்திருக்கும். அடுத்து வருகிறவர் அதன் பின்னால் நிற்காமல் அதன் இடது பக்கம் வந்து நிற்பார். மூன்றாமவர் அவருக்கும் இடது பக்கம். இப்போது நேராகப் போகிறவர்களுக்குச் சாலையே இல்லை. திரும்பும்போதும் உள்ளே நிற்கும் முதல் காருக்கு எதிரே வரும் வண்டியை இடது பக்கத்தவர் மறைத்துவிடுகிறார்.

கோவையில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யு டர்னும் கொண்டுவந்தார்கள். ரவுண்டானாவில் விதி எளிது. ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். நுழைகிறவர் ஹாரன் அடித்துக்கொண்டு பாய்கிறார், உள்ளே இருப்பவர் பாவம் பார்த்து நின்றுவிடுகிறார். உள்ளே ஒருவர் நின்றால் வட்டம் முழுக்க நின்றுவிடும்.

ஃப்ரீ லெஃப்ட், அதாவது சிவப்பு எரியும்போதும் இடது பக்கம் திரும்பிப் போக அனுமதி இருக்கும் சிக்னலில் நேராகப் போகிறவர் இடது ஓரத்தில் போய் நிற்பது எல்லா ஊரிலும் உண்டு. பின்னால் பத்து வண்டி கத்தினாலும் அவருக்குக் காது கேட்காது. அதேபோல, பலகையோ பச்சை அம்புக்குறியோ இல்லாத இடத்தில் இடது பக்கம் எப்போதும் திறந்தே இருக்கிறது என்று நினைப்பதும் தவறு.

பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே

இருசக்கர வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது இது. நிறுத்தத்தில் பேருந்து நிற்கும்போது அதன் இடது பக்கம் கிடைக்கும் சந்தில் பைக்கை விடாதீர்கள். அங்கேதான் ஆள் இறங்குவார்கள். திரும்பும் பேருந்து, லாரி, கன்டெய்னர் வண்டியின் இடது பக்கம் இன்னும் மோசம். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலது பக்கம், இடது பக்கம் முன் சக்கரத்தை ஒட்டி நீங்கள் இருந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. நீளமான வண்டி வளையும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் போவதில்லை, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். நீங்கள் நின்ற இடம் திரும்ப ஆரம்பித்தபோது அகலமாக இருந்திருக்கும். பாதித் திருப்பத்தில் அது இருக்காது. அவருடைய கண்ணாடியில் உங்களுக்கு அவர் முகம் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் ஹை பீம் போட்டபடியே வருகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம். ஒரு காலத்தில் ஹெட்லைட்டின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், போலீஸே நிறுத்தி ஒட்டிவிட்ட காலமும் உண்டு. இப்போது எல்.இ.டி. விளக்கு வாங்கி மாட்டிக்கொண்டு ஊரையே வெளிச்சமாக்குகிறார்கள். தெருவிளக்கு எரியும் சாலையில் ஹை பீம் தேவையே இல்லை. எதிரே வருகிறவர் டிம் பண்ணவில்லை என்றால் பதிலுக்கு நாமும் ஏற்றிவிடுவதால் ஒரே ஒரு பலன்தான், கண் தெரியாத ஓட்டுநர் ஒருவருக்குப் பதில் இருவர் ஆகிவிடுவோம். வேகத்தைக் குறைத்து, அந்த விளக்கைப் பார்க்காமல் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

ராங் ரூட்டும் மற்றவையும்

யு டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசையில் ஓரமாக வருகிறவரை "சும்மா ஓரமாத்தானே" என்று நாம் மன்னித்துவிடுகிறோம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு அப்படி மன்னிப்பதில்லை. எதிர்த்திசையில் ஓட்டுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவது எல்லாமே அதன்படி ஆபத்தான ஓட்டுதல். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் அபராதம் 10,000 ரூபாய். வழிவிட்ட கையோடு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கும் ஏதாவது போட்டால் நல்லது. பைபாஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு ரிவர்ஸ் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கூகுள் மேப் கோபித்துக்கொள்ளாது, அடுத்த வழியைக் காட்டும்.

கடைசியாகக் கோபம். திடீரென்று கட் அடித்தவரைப் பார்த்து "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கேட்பதோடு முடிந்தால் பரவாயில்லை. அவரைத் துரத்தி முன்னால் போய் பிரேக் அடிப்பது, பக்கத்தில் ஒட்டி ஓட்டி முறைப்பது, சிக்னலில் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டுவது எல்லாம் அவர் செய்ததைவிடப் பெரிய தப்பு. நீங்கள் பிரேக் அடித்தது அவருக்குப் பாடம் சொல்ல என்று உங்களுக்குப் பின்னால் வரும் மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. பின்னால் ஒட்டிக்கொண்டு லைட் அடிக்கிறவர் வேகவரம்பை மீறித்தான் வருகிறார் என்றாலும் சைடு கொடுத்துவிடுங்கள், வரம்பைக் காக்கும் வேலை போலீஸுடையது. எதிராளி இறங்கி வந்தால் கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டிக்கொண்டு 112-க்கு அழையுங்கள். வண்டியை எடுக்க முடிந்தால் ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப்போய் அங்கே நிறுத்துங்கள், வீட்டுக்கு நேராகப் போக வேண்டாம்.