கோடியக்கரைக்கு இரண்டு விடியல்கள்

வேளாங்கண்ணியிலிருந்து கார் எடுத்து, பதினொரு மணி வெயிலில் கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்தில் இறங்கினால் கண்ணில் படுவது நாலைந்து மட்டக்குதிரைகள்தான். மான்கள் அப்போது நிழலில் ஒதுங்கியிருக்கும். சதுப்பின் மேல் கானல் ஆடுவதால் எவ்வளவு நல்ல பைனாகுலரிலும் பறவைகள் கலங்கித் தெரியும். முந்தின நாளே வேதாரண்யம் வந்து தங்கிவிடுங்கள். அங்கிருந்து 10 கி.மீ. சொச்சம்தான். காட்டுக்கும் புல்வெளிக்கும் ஒரு விடியல், சதுப்புக்கு ஒரு விடியல் என்று இரண்டு காலைகளை ஒதுக்குங்கள். ஒரே காலையில் இரண்டுக்கும் ஓடினால் இரண்டுமே அரைகுறையாகும்.

வருவதற்கு நல்ல காலம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை. நவம்பர், டிசம்பரிலும் பறவைகள் உண்டு. ஆனால் மழைநீர் ஆழமாக நிற்கும்போது சேற்றோரம் இரை தேடும் சின்ன உள்ளான் பறவைகளுக்குக் கால் ஊன்ற இடமிருக்காது, சிதறிவிடும். நீர் வற்றி சேற்று விளிம்பு வெளியே வந்தபின்தான் கூட்டம் சேரும். புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது இந்தப் பக்கம்தான்.

முதல் விடியல் காட்டுக்கு. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று வனத்துறையிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இது வறண்ட பசுமைமாறாக் காடு. உலக்கைப்பாலை மரங்கள் நிறைந்தது. இங்கே நடப்பதைவிட நிற்பதே அதிகம் காட்டும். ஐம்பது அடி நடந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். குளிர்காலத்தில் வரும் ஆறுமணிக்குருவி, பெயருக்கேற்றபடி விடியலிலும் அந்தியிலும் இரட்டை விசில் அடிக்கும். குரல் வந்த திசையில் கிளைகளைத் துழாவ வேண்டாம். பெரும்பாலும் அது தரையில்தான் இருக்கும். சருகைப் புரட்டிப் புழு தேடும். சருகு அசைகிற இடத்தைப் பாருங்கள். வாலடியின் சிவப்பு பளிச்சென்று தெரியும்.

வெயில் ஏறுமுன் புல்வெளிக்கு வந்துவிடுங்கள். வெளிமான் கண்ணை நம்பி வாழும் விலங்கு. நேராக அதை நோக்கி நடந்தால் துரத்துவதாக எடுத்துக்கொண்டு ஓடும். பக்கவாட்டில், நின்று நின்று, பேசாமல் நகருங்கள். மேய்கிற மான் தலை தூக்கி உங்களையே பார்த்தால் அதுதான் எல்லை, அங்கேயே உட்காருங்கள். ஓரிடத்தில் புழுக்கை குவிந்து கிடந்தால், கரும்பழுப்பு உடலும் முறுக்குக் கொம்பும் கொண்ட ஒரு கிடா தன் இடத்துக்கு வைத்த அடையாளமாக இருக்கலாம். தள்ளி உட்கார்ந்து காத்திருந்தால் அது திரும்பி வர வாய்ப்புண்டு.

இரண்டாம் விடியலில் அகத்தியம்பள்ளி உப்பளப் பக்கம் சாலையில் நில்லுங்கள். சதுப்பு மேற்கே விரிவதால் காலைச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கால் நிறமும் அலகு நிறமும் சரியாகத் தெரியும். மாலையில் இதே இடத்தில் எல்லாப் பறவையும் கரும்நிழல்தான். சதுப்புக்குள் இறங்கவே இறங்காதீர்கள்: மேலே காய்ந்த ஏடு, அடியில் முழங்கால் சேறு. உப்புப் பாத்தி வரப்பில் நடக்க அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். முதலில் வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தைத் திருகுங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்குத் தலைவலி வருகிறது.

உள்ளான்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தால் இறகு நிறத்தை விட்டுவிட்டுக் காலையும் அலகையும் பாருங்கள். ஆரஞ்சுச் சிவப்புக் கால், பறக்கையில் இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டை என்றால் பவழக்கால் உள்ளான். சிட்டுக்குருவி அளவு, கறுப்புக் கால், தையல் மெஷின் ஊசிபோல விடாமல் கொத்தினால் கொசு உள்ளான்.

பூநாரையை (ஃபிளமிங்கோ) அவசரப்பட்டுக் கடந்துபோகாதீர்கள். தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாதி கீழே வரும்படி நீரில் வைத்து, நாக்கை உந்துகோல்போல அசைத்து நீரை இறைத்து வடிக்கும். மேய்கிற கூட்டத்தில் கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அவை பறக்கும்வரை காத்திருக்காமல் இருபது தப்படி பின்வாங்குங்கள். கழுத்துகள் மறுபடி தாழும்.